தேசிக்காயும் மிளகும்: மாஸ்ரரிடம் கேளுங்கள்

சென்ற இதழில் ஒரு பிள்ளையின் கேள்விக்கு, பழுப்புக் குறுமீன்களைச் சுற்றியும் உயிர் வாழத்தக்க கோள்களைத் தேடுகிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு இருக்கின்றன. கிணற்றுத்தண்ணீர் உவரானது ஏன், இடி முழங்கும்போது தொலைபேசி பாவிக்கலாமா என்று கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். இம்முறை முழுக்க இதுதான்.

பழுப்புக் குறுமீன் நட்சத்திரமா, கோளா? வளவளவென்று இழுக்காமல் ஒரே வரியில் சொல்லவும்.
இளைப்பாறிய தபாலதிபர், அளவெட்டி

பற்றாமல் போன கொள்ளி, ஐயா.

நீங்கள் கேட்ட ஒரு வரி அது. மற்றவர்களுக்காக இன்னும் கொஞ்சம். வாயு மேகம் ஒன்று தன் பாரத்தாலேயே சுருங்கும்போது நடு சூடாகும். திணிவு வியாழனைப் போல 75, 80 மடங்குக்கு மேல் இருந்தால் அந்தச் சூட்டில் ஐதரசன் ஈலியமாக மாறத் தொடங்கி நட்சத்திரம் பற்றிக்கொள்ளும். அதற்குக் குறைந்தால், நடுவில் நெருக்குப்பட்ட இலத்திரன்கள் இதற்கு மேல் நெருங்கமாட்டோம் என்று நின்றுவிடும். சுருங்கல் நின்றால் சூடேறலும் நின்றுபோகும். ஏறத்தாழ 13 வியாழத் திணிவுக்கு மேற்பட்டது தன்னிடமுள்ள சொற்பத் தியூத்தேரியத்தை, அதாவது பாரம் கூடிய ஐதரசனை, எரித்துத் தீர்க்கும். பிறகு பிறவிச் சூட்டைச் செலவழித்து ஆறிக்கொண்டே போவதுதான் அதன் சீவியம். எங்கள் அம்மா அயன்பெட்டிக்குச் சிரட்டைக்கரித் தணல் போடுவா. முதல் சேலைக்குச் சீறும், அப்பாவின் வேட்டிக்கு அளவாக இருக்கும், என் பள்ளிக்கூடச் சட்டைக்கு வரும்போது சுருக்கமே போகாது. நீறு பூத்த நெருப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

பருமனில் ஏறக்குறைய வியாழன் அளவுதான். திணிவு பத்து மடங்கோ அறுபது மடங்கோ, பருமன் பெரிதாக மாறாது.

பழுப்பு நிறமாகவா இருக்கும்?
ஏழாம் வகுப்பு மாணவன், கொக்குவில்

இல்லைத் தம்பி. கண்ணால் பார்க்க முடிந்தால் கருஞ்சிவப்பாகவோ கத்தரிப்பூச் சிவப்பாகவோ தெரியும். இப்படி ஒன்று இருக்கலாம் என்று 1960களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். அவர் வைத்த பெயர் கறுப்புக் குறுமீன். அந்தப் பெயர் வேறொன்றுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்ததால், 1975இல் ஜில் ராற்றர் பழுப்பு என்று வைத்தார். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்பதுதான் பொருள். சிலர் இதைப் பழுப்புக் குள்ளன் என்று மொழிபெயர்க்கிறார்கள். வகுப்பில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, முன்வாங்கில் இருந்த உயரம் குறைந்த பொடியனை மற்றவர்கள் ஒரு தவணை முழுக்க அந்தப் பெயரால் கூப்பிட்டதைப் பார்த்தபின் எனக்குக் குறுமீன்தான்.

உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறேன். சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் இத்தனை இருக்கும்போது, ஒளியே இல்லாத ஒன்றைச் சுற்றிக் கோள் தேடுவது இருட்டறையில் ஊசி தேடுவது போல இல்லையா, சேர்?
மாணவி, சாவகச்சேரி

நல்ல கேள்வி, பிள்ளை. குசினிக்குள் போங்கோ. ஒரு தேசிக்காய், ஒரு மிளகு, ஒரு சுளகு எடுங்கோ.

தேசிக்காய்தான் பழுப்புக் குறுமீன். குறுக்களவு 4.4 சென்ரிமீற்றர் என்று வைப்போம். அதே அளவுத்திட்டத்தில் பூமி 4 மில்லிமீற்றர், அதாவது மிளகு. சூரியன் 44 சென்ரிமீற்றர். எங்கள் வீட்டுச் சுளகின் அகலத்தை அளந்து பார்த்தேன், 46 வந்தது. போதும். சுளகு வட்டமாக இல்லையே என்று கணிதம் படிப்பிக்கிறவர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.

இப்போது மிளகைச் சுளகுக்கு முன்னால் பிடியுங்கோ. அது மறைப்பது சுளகின் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதே மிளகைத் தேசிக்காய்க்கு முன்னால் பிடித்தால் நூற்றிருபதில் ஒரு பங்கு மறைகிறது. கோள் தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே போகும்போது ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பதுதான் கடப்பு முறை. சூரியனை மறைக்கும் பூமியைக் காண விண்வெளித் தொலைகாட்டி வேண்டும். பழுப்புக் குறுமீனை மறைக்கும் பூமி ஏறத்தாழ ஒரு சதவீத ஒளியை விழுங்கிவிடும். மிளகு ஒன்றுதான், பின்னால் வைத்தது மாறியது.

அடுத்தது தூரம். சுளகிலிருந்து 47 மீற்றர் தள்ளி மிளகை வைத்தால் அது பூமி நிற்கும் இடம். எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து கேற்றைத் தாண்டி, ஒழுங்கை முடக்கு வரை போகவேண்டும். தேசிக்காயில் அதே கதகதப்பு எங்கே கிடைக்கும்? 40 வியாழத் திணிவு, மேற்பரப்பில் ஆயிரம் பாகை செல்சியஸ் சூடு உள்ள ஒரு குறுமீனை எடுத்து, கொப்பியின் பின்பக்கத்தில் நானே கணக்குப் போட்டேன். சூரியன் பூமிக்குத் தரும் அதே அளவு வெப்பம் கிடைக்கும் தூரம் ஏறத்தாழ 7.5 இலட்சம் கிலோமீற்றர். எங்களுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். தேசிக்காயிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூட.

அந்தத் தூரத்தில் ஒரு சுற்று முடிய 16 மணித்தியாலம். அங்கே ஒரு வருடம் என்பது எங்களுக்குப் பகலும் அரை இரவும். பூமியைப் போன்ற ஒன்று சூரியனை மூன்றுமுறை மறைப்பதைக் காண மூன்று வருடம் காவல் இருக்கவேண்டும், இங்கே இரண்டு நாள் போதும். இவ்வளவு நெருக்கத்தில் சுற்றுவதால், எங்கள் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே வரும் வாய்ப்பும் பத்தில் ஒன்றுக்குக் கிட்ட. பூமிக்கும் சூரியனுக்கும் அது இருநூற்றில் ஒன்று.

அப்படியானால் ஏன் கூடை கூடையாகக் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். முதலாவது, தேசிக்காய் மிகவும் மங்கல். அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதி அகச்சிவப்பு. எங்கள் வளிமண்டலமே அகச்சிவப்பில் மினுங்குவதால், பகலில் குப்பி விளக்கைத் தேடுகிற வேலை அது. இரண்டாவது, மேகம். ஆயிரம் பாகையில் நீர் மேகம் எங்கே வரும்? மணல் போன்ற சிலிக்கேற்றுத் துணிக்கைகளும் இரும்புத் துளிகளும்தான் மேகம். குறுமீன் சில மணித்தியாலத்தில் ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது. மேகம் கூடிய பக்கம் வரும்போது ஒளி குறையும், வெளித்த பக்கம் வரும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கம் ஒரு சதவீதத்தையும் தாண்டலாம். மிளகு மறைத்ததா, மேகம் மறைத்ததா? அடையாளம் ஒன்று உண்டு. மேகத்தின் வளைகோடு மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும். கோள் என்றால் ஒளி சடாரென்று விழுந்து, அரை மணி நேரம் கிடந்து, சடாரென்று எழும்பும். 16 மணித்தியாலம் கழித்து, நிமிடம் பிசகாமல் திரும்பவும் அதே மாதிரி.

செய்முறையாகச் செய்து காட்டவேண்டுமென்றால் மிளகை நூலில் கட்டாதேங்கோ, ஆடும். ஈர்க்கில் குத்துங்கோ.

அங்கே நின்று பார்த்தால் வானம் எப்படி இருக்கும் மாஸ்ரர்? சும்மா ஆசைக்குக் கேட்கிறேன்.
வாசகி, பருத்தித்துறை

சும்மா ஆசைக்குக் கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்கும் ஆசை. கையை நீட்டி, முட்டியைப் பொத்திப் பிடியுங்கள் தங்கச்சி. உங்கள் முட்டி வானத்தில் ஏறத்தாழ பத்துப் பாகை அகலத்தை மறைக்கும். மேலே சொன்ன கோளிலிருந்து பார்த்தால் அந்தக் குறுமீன் அவ்வளவு பெரிது. எங்கள் சூரியனோ அரைப் பாகைதான், சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும்.

அது உதிக்காது, மறையாது. இவ்வளவு கிட்டச் சுற்றும் கோளை வற்றுப்பெருக்கு இழுப்புப் பிடித்து நிறுத்திவிடும். சந்திரன் எங்களுக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல அந்தக் கோளும் ஒரே முகத்தைத்தான் காட்டும். ஒரு பக்கம் எப்போதும் நடுப்பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. நடுப்பகல் என்று சொன்னேனே தவிர, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில் அல்ல. வெப்பம் உடம்பில் உறைக்கும், கண்ணுக்கு வெளிச்சம் போதாது. கொல்லன் பட்டறை உலைக்கு முன்னால் இரவில் நிற்பது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாழைமரத்தைக் கொண்டுபோய் வைத்தால் பிழைக்காது. பச்சை இலைக்கு வேண்டிய ஒளி அங்கே மிகவும் குறைவு. அங்கே ஏதாவது இலை முளைத்தால் அது வேறு கணக்கில் முளைத்த இலையாக இருக்கவேண்டும்.

பொழுது சாயும் அழகைப் பார்க்கவேண்டுமென்றால் ஒரே இடத்தில் நிற்க முடியாது. பகலும் இரவும் தொடும் எல்லைக்கு நடந்துதான் போகவேண்டும்.

நான் ஒரு பொறியியலாளன். தணல் ஆறிக்கொண்டே போகும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். பிறகு அதற்குப் பக்கத்தில் உயிர் வாழலாம் என்றும் எழுதுகிறீர்கள். இரண்டில் ஒன்றுதானே சரியாக இருக்கலாம்?
ஸ்காபரோவிலிருந்து ஒரு கரவெட்டியான்

உங்கள் கடிதத்தில் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் குத்து விழவேண்டிய இடத்தில்தான் விழுந்திருக்கிறது. இத்தனை கடிதங்களில் உங்களுடையதைத்தான் முதலில் எடுத்துவைத்தேன்.

மார்கழிப் பனியில், விடியப்புறம் கிணற்றடியில் காவோலை கொளுத்திக் குளிர் காய்ந்திருப்பீர்கள். பற்றின உடனே ஆறடி தள்ளி நிற்போம். கொஞ்சத்தில் நாலடி. பிறகு குந்தியிருந்து கையை நீட்டுவோம். கடைசியில் சாம்பலுக்கு மேலேயே கை. கதகதப்பான இடம் நெருப்பை நோக்கி நகர்கிறது, நாங்கள் அதன் பின்னால் போகிறோம். கோளுக்குக் கால் இல்லை. வற்றுப்பெருக்கு அதைச் சிறிது நகர்த்தும்தான். ஆனால் கோள் ஒரு சுற்று முடிப்பதைவிடக் குறுமீன் வேகமாகத் தன்னைச் சுற்றினால், அந்தத் தள்ளல் வெளிப்பக்கமாகத்தான் இருக்கும். குளிர் காய வந்தவனைப் பின்னால் இழுப்பது போல.

ஆகவே வாழத்தக்க வளையம் அங்கே ஓரிடத்தில் நிற்காது. வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டிருக்கும். வழியில் நிற்கும் கோளுக்கு ஒரு தவணை கிடைக்கும். வளையம் வரும், தங்கும், கடந்துபோகும். சிறிய குறுமீன் கெதியில் ஆறுவதால் தவணையும் குறுகியது. திணிவு கூடியது மெதுவாக ஆறும், அங்கே தவணை பில்லியன் வருடக் கணக்கில் நீளலாம். பூமிக்கு வயது 4.5 பில்லியன். குறைந்தது 3.5 பில்லியன் வருடங்களுக்கு முன்பே இங்கே நுண்ணுயிர் இருந்திருக்கிறது. தொடங்குவதற்கு ஒரு பில்லியன் போதும் என்றால் நல்ல குறுமீன் ஒன்று அதைத் தரும். மீன், மரம், மாஸ்ரர் வரை வரவேண்டுமென்றால் இறுக்கம்தான்.

எல்லையும் ஒன்று இருக்கிறது. கிட்டக்கிட்டப் போனால் ஓரிடத்தில் குறுமீனின் இழுவை கோளையே பிய்த்துப்போடும். எனது 40 வியாழக் குறுமீனுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 3.6 இலட்சம் கிலோமீற்றர். குறுமீனின் மேற்பரப்பு 610 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது கதகதப்பு வளையம் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு சூடு இருக்கும், அதில் காய ஆள் இருக்க முடியாது.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று, எனக்கு அதுதான் கனக்க யோசனை. தவணை பிந்தி வரும் கோள் அதற்கு முன்பு எங்கே இருந்தது? அதே இடத்தில்தான். இளமையில் குறுமீன் 2,000 பாகைக்கு மேல் கொதித்தபோதும் அங்கேயேதான் நின்றது. மூடியில்லாத பானையை அடுப்பில் விட்டுவிட்டு, நெருப்புத் தணிந்த பிறகு வந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது போல. வற்றியிருக்கலாம். குறுமீன் புறவூதாக் கதிரை அதிகம் வீசாததால் நீர் அவ்வளவு தப்பியோடாது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இரண்டும் சரி என்பதுதான். "இன்னொரு பூமி கிடைத்துவிட்டது" என்று தலைப்புப் போடுகிறவர்கள் எங்கே என்று மட்டும் சொல்கிறார்கள். எந்தக் காலம் முதல் எந்தக் காலம் வரை என்றும் கேட்டு வையுங்கள்.

இதுவரை ஒன்றாவது அகப்பட்டதா?
கடையொன்றின் கணக்காளர், சுன்னாகம்

கோள் அகப்பட்டது, குடியிருக்க அல்ல. வேறொரு சூரியக் குடும்பத்துக் கோளை முதன்முதலில் நேரடியாகப் படம் பிடித்ததே ஒரு பழுப்புக் குறுமீனுக்குப் பக்கத்தில்தான். 2004இல், சிலியிலுள்ள பெருந்தொலைகாட்டியால். ஆனால் அது வியாழனைப் போல பல மடங்கு வாயுப் பூதம். 2012இல் இன்னொரு இளம் குறுமீனைச் சுற்றியிருந்த தூசித் தட்டில், மில்லிமீற்றர் அளவுக்குத் திரண்ட துணிக்கைகளை அல்மா வானொலித் தொலைகாட்டி கண்டது. பாறைக்கோள் திரளத் தொடங்கும் விதம் அதுதான். 2025இல், ஒன்றையொன்று சுற்றும் இரண்டு குறுமீன்களுக்குச் செங்குத்தாக ஒரு கோள் சுற்றுவதற்கான சான்று கிடைத்தது. மிளகு இன்னும் தேசிக்காயைக் கடக்கவில்லை.

ட்ராப்பிஸ்ட்-1 என்ற பழுப்புக் குறுமீனுக்கு ஏழு கோள்கள் இருப்பதாகப் படித்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள்.
ஆசிரியர், வட்டுக்கோட்டை

மறக்கவில்லை, ஐயா. அது பழுப்புக் குறுமீன் அல்ல, மயிரிழையில் தப்பிய நட்சத்திரம். சூரியனின் திணிவில் 9 சதவீதம், வியாழனைப் போல 94 மடங்கு. 80 என்ற கோட்டுக்குச் சற்று மேலே. கொள்ளி பற்றிக்கொண்டது, அதனால் ஆறாமல் எரிகிறது.

ஆனால் நீங்கள் அதை இழுத்தது நல்லதாகப் போயிற்று. அதன் கோள்களை முதலில் பிடித்தது சிலியில் இருக்கும், 60 சென்ரிமீற்றர் ஆடி கொண்ட ஒரு சிறிய தொலைகாட்டி. கோயிலில் சக்கரைத்தண்ணீர் கரைக்கிற கிடாரத்தின் வாயளவு. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழு, இவ்வளவு மங்கலான சின்ன மீன்களை ஏன் பார்க்கிறீர்கள் என்று மற்றவர்கள் கேட்ட காலத்தில் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. 2016இல் மூன்று, 2017 மாசியில் ஏழு. உள்ளே இருக்கும் முதற்கோளுக்கு வளிமண்டலம் இருப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி சொன்னது, மற்றவற்றைப் பார்க்கிறார்கள். கோட்டுக்கு மேலே ஏழு பாறைக்கோள்கள் உருவாகுமென்றால், கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒன்றும் உருவாகாது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பழுப்புக் குறுமீனின் பார்வை சாதகத்தைப் பாதிக்குமா?
பெயர் வெளியிட விரும்பாதவர், நல்லூர்

வாக்கியத்திலும் இல்லை, திருக்கணிதத்திலும் இல்லை. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகும் விசயம் கிடைத்திருக்கிறது, அப்படியே விட்டுவிடுவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதைப் பார்க்க முடியுமா? நீங்கள் எப்போது முதலில் கேள்விப்பட்டீர்கள்?
வாசகர், மானிப்பாய்

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். பழுப்புக் குறுமீன்கள் நிச்சயமாக உண்டு என்று உலகம் அறிந்தது 1995இல். கார்த்திகைக் கூட்டத்துக்குள், நாங்கள் அறுமீன் என்று காட்டும் அந்தக் கொத்துக்குள், புரட்டாதியில் ஒன்று அறிவிக்கப்பட்டது. ஐப்பசியில், இத்தாலியின் புளோரன்ஸில் நடந்த மாநாட்டில் இன்னொன்று. அதே மாநாட்டில்தான் சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்ற செய்தியும் வந்தது.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த ஐப்பசி 30 இரவு நான் எங்கே இருந்தேன் என்று இந்தப் பக்கத்தை யாழ்ப்பாணத்தில் வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாவற்குழி வீதியில், சைக்கிள் கரியரில் அம்மாவை இருத்தி, உருட்டிக்கொண்டு நின்றேன். மழை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலடி நகர்வோம். அதற்கு முந்திய ஐந்து வருடம் மின்சாரம் இல்லாத ஊரில், ஜாம் போத்தல் விளக்கை ஊதிவிட்டு முற்றத்துக்கு வந்தால் அறுமீனில் ஏழு எண்ணுவேன். அன்றிரவு ஒன்றும் தெரியவில்லை. குறுமீன் செய்தியை நான் வாசித்தது 1998இல், கொழும்பிலிருந்து மச்சான் கொண்டுவந்த பழைய சஞ்சிகை ஒன்றில். திகதியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். "அப்ப உதைத் தேடத்தான் அண்டைக்கு மேலே பார்த்துக்கொண்டு நிண்டனியோ" என்று கேட்டா.

முதற் கேள்விக்கு வருகிறேன். வெறுங்கண்ணால் எந்தப் பழுப்புக் குறுமீனும் தெரியாது. இடத்தை மட்டும் காட்டலாம். எங்களுக்கு மிகக் கிட்டிய பழுப்புக் குறுமீன் சோடி, லூமன் 16, 6.5 ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிறது. இவ்வளவு கிட்ட இருந்தும் 2013 வரை ஒருவரும் கவனிக்கவில்லை. அது அகத்திய நட்சத்திரம் போகும் அதே பாதையில்தான் போகிறது, ஏறத்தாழ நாலரை மணித்தியாலம் பிந்தி. மாசி நடுப்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் அகத்தியர் நேர் தெற்கே, அடிவானிலிருந்து மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்பார். எங்கள் வளவில் அவர் வடலிக்கு அடுத்த பனையின் வட்டுக்கு மேலே. உங்கள் வளவில் எதற்கு மேலே என்று பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போய்ப் படுங்கள். அதிகாலை ஒன்றரைக்குச் சற்று முன்னர் எழும்பி வந்து, அதே இடத்தில் நின்று, அதே அடையாளத்தைப் பாருங்கள். அங்கேதான்.

போன மாசியில் நான் எழும்பினேன். வட்டுக்கு மேலே வெறும் இருட்டு. அடுத்த வீட்டு நாய் வேலியடியில் வந்து நின்று, நான் எதைப் பார்க்கிறேன் என்று அதுவும் கொஞ்ச நேரம் பார்த்தது.